பம்ப் ஓடினால் மட்டும் சரியும் வோல்ட்டேஜ்: மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றின் மின்பகிர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பத்து லிட்டர் தொட்டி கொண்ட தெளிப்பு ட்ரோன் ஒன்று, பாதி மருந்து மிச்சமிருக்கும்போதே தெளிப்பை நிறுத்திவிட்டு, பேட்டரி குறைந்துவிட்டது என்று அறிவித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இறங்கியபின் பேட்டரியைக் கழற்றிச் சோதித்தால் ஏறக்குறைய பாதிச் சார்ஜ் அப்படியே இருக்கும். ஓட்டுபவர் முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். யாரும் அதைத்தான் செய்வார்கள். புது ஜோடி மாட்டியும் அதே நடத்தை தொடர்ந்தது. அப்புறம்தான் இயந்திரம் எங்கள் பணிமனை மேசைக்கு வந்தது.

பேட்டரியில் கோளாறு இல்லை, மோட்டாரில் இல்லை, மென்பொருளிலும் இல்லை. பம்புக்குப் போன கரண்ட் திரும்பி வரும் வழி மாறியிருந்தது. ட்ரோனின் மின்பகிர்வைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாசிட்டிவ் ஒயர் எங்கெங்கே போகிறது என்று வரைகிறார்கள். நெகட்டிவ் பக்கத்தைக் "கிரவுண்ட்" என்று ஒரே குறியீட்டில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டுக்குள் உண்மையான ஒயர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மின்தடை உண்டு, எந்த ஒயர் வழியாக எவ்வளவு கரண்ட் திரும்புகிறது என்பதும் அந்த மின்தடைகளைப் பொறுத்ததுதான். இந்த ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்.

இயந்திரமும் அதன் மின்பாதையும்

ஆறு கைகள், ஆறு மோட்டார்கள். முழுத் தொட்டியோடு சுமார் 25 கிலோ எடை, தொட்டி காலியானால் 15 கிலோ. 16 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆறு செல் லிபோ பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 செல் ஆக்கியிருந்தார்கள். பெயரளவு 44.4 வோல்ட், முழுச் சார்ஜில் 50.4 வோல்ட்.

முழு எடையில் ஒரே இடத்தில் மிதக்க இந்த அளவு ட்ரோன் ஏறக்குறைய 3.3 கிலோவாட் கேட்கும். அதாவது 75 ஆம்பியர். மிதக்கத் தேவையான திறன் எடையின் ஒன்றரை மடிப்படி (எடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவுப்படி) கூடும் அல்லது குறையும் என்பதால், 15 கிலோவுக்கு வரும்போது தேவை பாதிக்கும் கீழே, சுமார் 1.5 கிலோவாட்டுக்கு, இறங்கிவிடும். கரண்டும் 35 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். படம் பிடிக்கும் ட்ரோனில் இப்படி நடக்காது. அங்கே எடை மாறுவதில்லை, பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டேஜும் சீராக இறங்கும். தெளிப்பு ட்ரோனில் பேட்டரி களைத்துக்கொண்டே வரும் அதே நேரத்தில் சுமையும் குறைந்துகொண்டே வருவதால் வோல்ட்டேஜ் கோடு ஓரளவு தட்டையாக இருக்கும். இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், திரையில் தெரியும் வோல்ட்டேஜ் ஒரு தெளிப்பு ட்ரோனில் திடீரென்று படிபோல் இறங்கினால், பேட்டரி வயதாகிவிட்டது என்பது அதற்கு நல்ல விளக்கம் ஆகாது. பேட்டரி வயதானால் சரிவு கூடும், ஆனால் அது மோட்டார்களின் சுமையோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

மின்பாதையை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு, பேட்டரியிலிருந்து ஆறு மோட்டார்களுக்கு. பேட்டரி பிளக், கரண்ட் சென்சார், பகிர்வு போர்டு, அங்கிருந்து கைக்கு ஒரு ஜோடி 12 கேஜ் ஒயர், கையின் முனையில் மோட்டாருக்கு அடியில் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றான இஎஸ்சி. முழு எடையில் மிதக்கும்போது கைக்கு 12.5 ஆம்பியர்தான். 12 கேஜ் ஒயரின் மின்தடை மீட்டருக்கு 5.2 மில்லி ஓம். போக வர ஒன்றரை மீட்டர் என்றாலும் இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் காற்றடித்துச் சமநிலை குலையும்போது ஒரு கை மட்டும் நொடிப்பொழுதில் இதைப்போல் பல மடங்கு இழுக்கும். உந்துவிசை இரட்டிப்பானால் திறன் 2.8 மடங்காகும், அதே ஒன்றரை மடிக் கணக்குதான். ஆறு மோட்டாரும் சேர்ந்து முழு விசைக்குப் போனால் பேட்டரி பிளக்கில் 200 ஆம்பியரைத் தாண்டும். முதல் அடுக்கில் தடித்த செம்பைப் பார்க்கிறோமே, அது மிதப்பதற்காக அல்ல, இந்த உச்சங்களுக்காக.

அதே அடுக்கில் இன்னொரு விஷயம். ஒவ்வொரு இஎஸ்சியின் வாயிலிலும் கெபாசிட்டர் இருக்கும். ஆறும் சேர்ந்து சில ஆயிரம் மைக்ரோஃபாரட். காலியாக இருக்கும் கெபாசிட்டர்கள் மேல் 50 வோல்ட் பேட்டரியை நேரடியாக மாட்டினால் அந்த முதல் நொடித்துளியில் ஆயிரம் ஆம்பியர் அளவுக்குப் பாயக்கூடும். பிளக் முனையில் பொறி பறந்து, உலோகம் கருகிக் குழி விழும். அதனால்தான் பொறி தடுக்கும் பிளக்குகளில் முனைப் பகுதியில் சில ஓம் மின்தடை ஒன்றை வைத்திருப்பார்கள். முனை முதலில் அந்த மின்தடை வழியாகத் தொட்டுக் கெபாசிட்டர்களை நிரப்பிவிட்டு, அதன்பின் உள்ளே இறங்கி நேரடித் தொடர்பாகும். 5.6 ஓம் என்றால் உச்சக் கரண்ட் 9 ஆம்பியர்தான். பிளக்கை நிதானமாக, ஒரே அழுத்தாக மாட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். எங்களிடம் வந்த இயந்திரத்தில் இந்தப் பிளக் சுத்தமாகவே இருந்தது. அந்தச் சந்தேகத்தை உடனே தள்ளிவிட்டோம்.

இரண்டாம் அடுக்கு, பம்ப். பகிர்வு போர்டிலேயே ஒரு ஸ்டெப்-டவுன் சுற்று 44 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. அங்கிருந்து 16 கேஜ் ஜோடி ஒயர் கீழே போய்ப் பம்ப் டிரைவரில் முடிகிறது. டிரைவர், டயாஃப்ரம் பம்பை வேகம் கூட்டிக் குறைத்து ஓட்டும். சாதாரணமாக 6 ஆம்பியர், தொடங்கும் கணத்தில் 15 வரை. எவ்வளவு வேகம் என்பதை ட்ரோனின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலர் ஒரு மெல்லிய சிக்னல் ஒயரில் சொல்கிறது. அந்தச் சிக்னல் ஒயரோடு சேர்ந்தே ஒரு மெல்லிய கிரவுண்ட் ஒயரும் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அடுக்கு, 5 வோல்ட். ஃபிளைட் கன்ட்ரோலர், ஜிபிஎஸ், ரிசீவர், மருந்து பாயும் அளவைப் பார்க்கும் ஃப்ளோ மீட்டர். கரண்ட் சென்சாரோடு சேர்ந்திருக்கும் பவர் மாட்யூல்தான் இந்த 5 வோல்ட்டையும் கொடுக்கிறது, பேட்டரி வோல்ட்டேஜ், கரண்ட் ஆகிய இரண்டு அளவுகளையும் அனலாக் சிக்னலாகக் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. எல்லாம் ஒரே சிறிய ஆறு பின் கேபிளில். இந்த வகைக் கனெக்டரில் ஒரு பின்னின் தாங்குதிறன் 1 ஆம்பியர்.

பதிவில் கிடைத்த மூன்று சாட்சிகள்

கன்ட்ரோலரின் பறப்புப் பதிவை இறக்கிப் பார்த்தோம். பம்ப் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரி வோல்ட்டேஜ் ஒரே அளவாக 1.8 வோல்ட் குறைந்தது, பம்ப் நின்றதும் அதே அளவு ஏறியது. தொடங்கும் கணத்தில் மட்டும் இன்னும் ஆழமான, கூர்மையான பள்ளம். ஃபெயில்சேஃப் எல்லை, அதாவது ட்ரோன் தானாகத் திரும்பத் தொடங்கும் எல்லை, செல்லுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 43.2. உண்மையான வோல்ட்டேஜ் 45 இருக்கும்போதே திரையில் 43.2 தெரிந்துவிடும், ட்ரோன் திரும்பிவிடும். திரும்பும் வழியில் பம்ப் நின்றுவிடுவதால் வோல்ட்டேஜ் மறுபடி 45 ஆகிவிடும். ஓட்டுபவருக்கு இது விளங்காத புதிராக இருந்ததில் வியப்பில்லை.

பம்பின் சுமையால் பேட்டரி இவ்வளவு சரியுமா? கணக்குப் போடலாம். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 72 வாட். பேட்டரிப் பக்கத்தில் அது 1.6 ஆம்பியர்தான். 75 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும் பேட்டரிக்கு இது தூசு. 1.6 ஆம்பியரில் 1.8 வோல்ட் சரிய வேண்டுமென்றால் பேட்டரியின் உள்மின்தடை ஒரு ஓமைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரியால் ட்ரோன் தரையைவிட்டே எழும்பாது.

இரண்டாவது சாட்சி இன்னும் தெளிவாகப் பேசியது. பம்ப் ஓடத் தொடங்கியதும் பதிவில் கரண்டும் குறைந்தது, சுமார் நாலரை ஆம்பியர். புதிதாக ஒரு சுமை சேர்கிறது, கரண்ட் குறைகிறது! இயற்பியலில் இதற்கு இடமில்லை. வோல்ட்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் கீழே போனால், அளக்கப்படும் பொருள் மாறவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பதிவுகளைப் பார்ப்பவர்கள் இந்த ஒரு அடையாளத்தை மனதில் பதித்துக்கொண்டால் போதும், பல நாள் அலைச்சல் மிச்சமாகும். உண்மையான சரிவில் கரண்ட் ஏறும், வோல்ட்டேஜ் இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சென்சாரையோ அதன் கிரவுண்டையோ பாருங்கள்.

சார்ஜரும் இதையே உறுதிப்படுத்தியது. ஒரு பறத்தலில் 6.6 ஆம்பியர்-மணி செலவானதாகக் கன்ட்ரோலர் எண்ணியிருந்தது. சார்ஜர் நிரப்பியதோ 7.3. கரண்டைக் குறைவாகப் படித்துக்கொண்டிருந்ததால் செலவையும் குறைவாக எண்ணியிருக்கிறது. இந்த முரணை நன்றாகக் கவனிக்க வேண்டும்: ஒரே கோளாறு, வோல்ட்டேஜ் கணக்கில் பேட்டரியைக் குறைத்துக் காட்டியது, செலவுக் கணக்கில் பேட்டரியைக் கூட்டிக் காட்டியது. வோல்ட்டேஜ் எச்சரிக்கையை எரிச்சலில் அணைத்துவிட்டு, செலவுக் கணக்கை மட்டும் நம்பிப் பறந்திருந்தால், ட்ரோன் ஒருநாள் பேட்டரி வற்றி வயலில் விழுந்திருக்கும். பல இடங்களில் முதலில் செய்யப்படுவது அந்த அணைப்புத்தான் என்பது எனக்கு உண்மையான கவலை.

மூன்றாவது, கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் திசைகாட்டி. வெளியே கம்பத்தில் இருக்கும் திசைகாட்டி அசையவில்லை. உள்ளே இருப்பது மட்டும் பம்ப் ஓடும்போது விலகியது. 3 ஆம்பியர் கரண்ட் போகும் ஒயரிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் 12 மைக்ரோடெஸ்லா அளவு காந்தப்புலம் இருக்கும். பூமியின் புலமே இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். ஆக, கன்ட்ரோலருக்கு மிக அருகில் சில ஆம்பியர் ஓடுகிறது. அங்கே அவ்வளவு கரண்ட் ஓடவே கூடாது.

கன்ட்ரோலரின் கிரவுண்ட் உயர்ந்தது எப்படி

பவர் மாட்யூல் பேட்டரியின் வோல்ட்டேஜை அப்படியே அனுப்புவதில்லை. 60 வோல்ட் வரை அளக்க வேண்டியதை 3.3 வோல்ட்டுக்குள் அடக்க, 18-இல் ஒரு பங்காகக் குறைத்து அனுப்புகிறது. கன்ட்ரோலர் அதை அளந்து 18-ஆல் பெருக்கிக்கொள்கிறது. கரண்டும் இப்படித்தான். 200 ஆம்பியர் என்பது 3.3 வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டுக்கு 60 ஆம்பியர்.

கன்ட்ரோலர் எதிலிருந்து அளக்கிறது? தன் கிரவுண்டிலிருந்து. தன் கிரவுண்டும் பகிர்வு போர்டின் கிரவுண்டும் ஒன்று என்று அது நம்புகிறது. இடையில் இருப்பதோ இரண்டு மெல்லிய கறுப்பு ஒயர்களும் அவற்றின் பின்களும். எல்லாம் சேர்ந்து 33 மில்லி ஓம் பக்கம். அந்த ஒயர்களில் கன்ட்ரோலரின் சொந்தக் கரண்ட் மட்டும் ஓடினால் பிரச்சினை இல்லை. அதில் 3 ஆம்பியர் கூடுதலாக ஓடினால் கன்ட்ரோலரின் கிரவுண்ட் 0.1 வோல்ட் உயர்ந்துவிடும். நிற்கும் பலகையை உயர்த்திவிட்டுச் சுவரின் உயரத்தை அளந்தால் சுவர் குட்டையாகத் தெரியும், அதுபோல வோல்ட்டேஜ் சிக்னலும் கரண்ட் சிக்னலும் 0.1 வோல்ட் குட்டையாகத் தெரியும். 0.1-ஐ 18-ஆல் பெருக்கினால் 1.8 வோல்ட். 60-ஆல் பெருக்கினால் 6 ஆம்பியர். பதிவில் கரண்ட் குறைந்தது நாலரை. அதோடு பம்ப் உண்மையில் கூட்டிய 1.6-ஐச் சேர்த்தால் ஆறு. வோல்ட்டேஜ், கரண்ட் என்று தனித்தனியாக இரண்டு வழியில் போய் ஒரே 0.1 வோல்ட்டில் வந்து நின்றபோது, இனி மேசையில் தேட வேண்டிய இடம் எது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இந்த 3 ஆம்பியர் எங்கிருந்து வந்தது? பம்ப் டிரைவரிலிருந்து பகிர்வு போர்டுக்குத் திரும்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தடித்த 16 கேஜ் நெகட்டிவ். நல்ல நிலையில் அதன் மின்தடை 5 மில்லி ஓம். இன்னொன்று யாரும் வழி என்றே நினைக்காத வழி: சிக்னல் கேபிளின் மெல்லிய கிரவுண்ட், அங்கிருந்து கன்ட்ரோலர் போர்டு, அங்கிருந்து பவர் மாட்யூலின் கறுப்பு ஒயர்கள். மொத்தம் 100 மில்லி ஓம் பக்கம். தடித்த ஒயர் நன்றாக இருக்கும்வரை 6 ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குதான் மெல்லிய வழியில் போகும், அதாவது 0.3 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. திரையில் 0.2 வோல்ட்டுக்குள் ஒரு சிறு அசைவு, யார் கண்ணிலும் படாது. தடித்த வழியும் கெட்டு 100 மில்லி ஓம் ஆகிவிட்டால் கரண்ட் சரிபாதியாகப் பிரியும். மூன்று இங்கே, மூன்று அங்கே.

பம்பின் பாசிட்டிவ் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தது. அது கடைசிவரை போகவே இல்லை. ஃபியூஸ் பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதைத்தான். அது எந்த வழியாகத் திரும்புகிறது என்று ஃபியூஸுக்குத் தெரியாது. மொத்தம் அதே 6 ஆம்பியர்தான் என்பதால், ஃபியூஸைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மோட்டார் வழிக்கு வழக்கமாக ஃபியூஸ் வைப்பதில்லை. பறக்கும்போது அது போனால் ட்ரோனே விழும். பம்ப் போன்ற கிளைகளுக்கு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஷார்ட்டுக்கு எதிரான காவல் மட்டுமே, இந்த வகைக் கோளாறுக்கு அல்ல.

மேசைச் சோதனை

முதல் சோதனை மிக எளியது. புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டோம், மோட்டார்களை ஓட்டவில்லை, தொட்டியில் வெறும் தண்ணீர். பேட்டரி முனையிலேயே மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பம்பை ஓடவிட்டோம். மீட்டரில் பேட்டரி 50.1-இலிருந்து 50.0-க்கு வந்தது. அதே நேரத்தில் திரையில் 50-இலிருந்து 48.2. கோளாறு பறப்பதோடு சம்பந்தப்பட்டதே அல்ல என்பது இதிலேயே முடிவானது. இதைச் செய்ய சில நிமிடம் போதும், ஒரு சாதாரண மீட்டர் போதும். இதுவரை யாரும் செய்யாததற்குக் காரணம், பம்பைத் தரையில் சோதிக்கும்போது எல்லோர் கண்ணும் நாசிலில் இருக்கும், வோல்ட்டேஜில் இருக்காது.

அடுத்து நெகட்டிவ் ஒயர். பவரை எடுத்துவிட்டுத் தொடர்ச்சி சோதித்தால் மீட்டர் பீப் என்று நன்றாகவே ஒலித்தது. இங்கேதான் பலர் திருப்தியாகி நிறுத்திவிடுவார்கள். தொடர்ச்சிச் சோதனையில் பல மீட்டர்கள் சில பத்து ஓம் வரை ஒலி எழுப்பும். நாம் தேடுவது 0.1 ஓம். ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அந்த அளவு மின்தடை உண்டு. ஆகவே மின்தடையை நேரடியாக அளக்க முயலாமல், கரண்ட் ஓடும்போது ஒயரின் இரு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பகிர்வு போர்டின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பம்ப் டிரைவரின் நெகட்டிவிலும் வைத்து, பம்பை ஓட்டினோம். 300 மில்லிவோல்ட். நல்ல ஒயரில் 30 இருந்திருக்க வேண்டும்.

ஒயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைத் தடித்த நெகட்டிவில் மாட்டினால் 3 ஆம்பியர் சொன்னது, பாசிட்டிவில் 6. மிச்ச மூன்றும் சிக்னல் கேபிளின் கறுப்பு ஒயரில் இருந்தது. அந்தக் கனெக்டரை உருவிப் பார்த்தபோது பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக இளகியிருந்தது. 1 ஆம்பியருக்கு மேல் ஏற்றக்கூடாத பின், மூன்று ஆம்பியரைச் சுமந்துகொண்டு பறந்திருக்கிறது.

இந்த நேரத்தில் கன்ட்ரோலருக்குக் கிடைத்த 5 வோல்ட் எப்படி இருந்தது என்றும் பதிவில் பார்த்தோம். பம்ப் சீராக ஓடும்போது 0.1 வோல்ட் குறைவு, தொடங்கும் கணத்தில் கால் வோல்ட்டை நெருங்கும் பள்ளம். ட்ரோன் மென்பொருளான ஆர்டுபைலட்டின் ஆவணங்கள் இந்தச் சப்ளையில் 0.10 முதல் 0.15 வோல்ட் வரையான அசைவைச் சாதாரணம் என்கின்றன, அதற்கு மேல் போனால் கவனிக்கச் சொல்கின்றன. சீரான ஓட்டத்தில் எல்லைக்குள்ளேயே இருந்ததால், பார்த்தவர் கண்ணுக்கும் இது தப்பியிருக்கலாம். தொடக்கப் பள்ளங்கள்தான் மணி அடித்தன.

தடித்த நெகட்டிவ் முழுதாக அறுந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பம்ப் நின்றிருக்காது. 6 ஆம்பியரும், தொடக்கத்தில் 15 ஆம்பியரும், கன்ட்ரோலர் போர்டின் மெல்லிய செம்புத் தடங்கள் வழியாகவே ஓடியிருக்கும். பின் உருகும், அல்லது போர்டின் தடம் எரியும். கன்ட்ரோலர் போனால் ஆறு மோட்டாரும் ஒன்றாகப் போகும். மருந்து நிரம்பிய 25 கிலோ இயந்திரம் அது. வயலில் வேலை செய்பவர்கள் இருக்கும் பக்கமாகவும் அது விழலாம். அந்தப் பொய் எச்சரிக்கை உண்மையில் நமக்குக் கிடைத்த முன்னறிவிப்பு.

ஈரம் எந்தப் பக்கமாக வந்தது

கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியாமல் ஒயரை மாற்றினால் அது திரும்ப வரும். பகிர்வு போர்டுப் பக்கமிருந்த நெகட்டிவ் டெர்மினலைப் பிரித்தோம். ஒயரை உலோக முனையோடு நெரித்துப் பிடிக்கும் கிரிம்புக்குள் செம்பு இழைகள் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. பல இழைகள் தொட்டாலே உதிர்ந்தன.

முதல் யூகம், தொட்டி நிரப்பும்போது வழிந்த மருந்து கனெக்டர் மேல் விழுந்திருக்கும் என்பது. அது பொருந்தவில்லை. உப்புக் கரைசல் கனெக்டர் முகத்தில் பட்டு, பாசிட்டிவ் பின்னுக்கும் நெகட்டிவ் பின்னுக்கும் இடையே ஈரப் பாலமாகியிருந்தால், மின்னாற்பகுப்பில் கரைவது பாசிட்டிவ் பின்தான். இங்கே பாசிட்டிவ் புதிதுபோல் மின்னியது, பின்களின் வெளிமுகமும் சுத்தமாக இருந்தது. அரிப்பு கிரிம்புக்கு உள்ளே, நெகட்டிவில் மட்டும். அப்படியானால் ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, ஒயரின் உறைக்கு உள்ளாக வந்திருக்கிறது.

ஒயரைக் கீழ்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனோம். பம்புக்குச் சற்று மேலே, ஒயர்க் கட்டை இறுக்கிய பிளாஸ்டிக் டை ஒன்று, நெகட்டிவ் ஒயரைச் சட்டத்தின் கூர்மையான விளிம்போடு அழுத்திக்கொண்டிருந்தது. அதிர்வில் சிலிக்கான் உறை தேய்ந்து, நகம் நுழையும் அளவு கீறல். பம்ப் இணைப்புகளில் கசியும் துளிகள் விழும் இடம் அது. மெல்லிய இழைகளாலான ஒயரில் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். கீறலில் பட்ட கரைசலை நுண்புழை ஏற்றம் மேலே இழுத்துக்கொண்டு போகும். ஒயர் சூடாகிக் குளிரும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று விரிந்து சுருங்கி இந்த உறிஞ்சலுக்கு இன்னும் உதவும். அம்மோனிய உரக் கரைசல்கள் செம்பு இழைகளுக்கு ஆகாதவை. உறை மூடியிருப்பதால் அந்த ஈரம் காய்வதும் இல்லை. ஒயரை வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் பயன் கிடையாது. போர்டு நீர்புகாப் பெட்டியில் இருப்பதாலும் பயன் கிடையாது. ஈரம் பெட்டிக்குள் ஒயரைப் பிடித்துக்கொண்டே நுழைந்திருக்கிறது.

தெளிப்பு ட்ரோனின் மின்பகிர்வை மற்ற ட்ரோன்களிலிருந்து பிரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கரண்டின் அளவு பெரிது என்பது இரண்டாம் பட்சம். ஒரே சட்டத்துக்குள் 200 ஆம்பியர் மின்பாதையும் அரிக்கும் திரவமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

செய்த மாற்றங்கள்

பம்பின் ஒயர் ஜோடியை முழுதாக மாற்றினோம். கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் முனையை மூடினோம். கிரிம்புக்குப் பதிலாக ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல் விறைக்கச் செய்யும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு ஒயரை முறித்துவிடும். அதனால் வேண்டாம். பகிர்வு போர்டுக்குள் நுழையும் முன் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்து விட்டோம், வெளியே வழியும் துளி அங்கேயே சொட்டிவிடும். சட்டத்தின் விளிம்புக்கு ரப்பர் உறை, டை இறுக்கத்துக்குப் பதில் மெத்தை வைத்த பிடிப்பான்.

சிக்னல் கேபிளின் கறுப்பு ஒயரை வெட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். கூடாது. சிக்னல் எந்தக் கிரவுண்டிலிருந்து அளக்கப்படுகிறதோ அந்தத் தொடர்பு போய்விட்டால் பம்ப் தாறுமாறாக ஓடக்கூடும். தடித்த நெகட்டிவ் பின்னொரு நாள் அறுந்தால் கரண்ட் சிக்னல் ஒயர் வழியாகவே கன்ட்ரோலரின் பின்னுக்குள் புகுந்துவிடும். சரியான வழி இடையில் ஒரு ஆப்டோகப்ளர். சிக்னல் ஒளியாகக் கடக்கும், செம்புத் தொடர்பே இருக்காது, பம்பின் கரண்ட் கன்ட்ரோலர் பக்கம் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அதைத்தான் பொருத்தினோம்.

பேட்டரி அளவுகளையும் அனலாக்கிலிருந்து மாற்றினோம். கேன் பஸ் என்ற டிஜிட்டல் தகவல் இணைப்பு வழியாக எண்ணாகவே அனுப்பும் பவர் மாட்யூல்கள் இப்போது பரவலாக இருக்கின்றன. அளவு பேட்டரி பக்கத்திலேயே எடுக்கப்பட்டு எண்ணாகிவிடுவதால், கிரவுண்ட் 0.1 வோல்ட் நகர்ந்தாலும் எண் மாறாது. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. எண் மாறாததால் அடுத்த முறை நெகட்டிவ் கெட்டால் திரையில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் கேன் மாட்யூலை ஆப்டோகப்ளர் இல்லாமல் தனியாகப் பொருத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கூடவே ஃப்ளோ மீட்டரையும் பார்த்தோம். அதுவும் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் கிரவுண்டும் கன்ட்ரோலருக்குப் போகிறது. இந்த இயந்திரத்தில் அதன் உலோகப் பாகம் எதுவும் பம்பின் நெகட்டிவைத் தொடவில்லை, எனவே அப்படியே விட்டோம். சில வடிவமைப்புகளில் பம்ப் டிரைவர் போர்டிலிருந்தே ஃப்ளோ மீட்டருக்கு மின்சாரம் எடுப்பார்கள். அங்கே ஆப்டோகப்ளர் போட்டாலும் ஃப்ளோ மீட்டரின் கறுப்பு ஒயர் வழியாக அதே சுற்று மறுபடி உருவாகும். கிரவுண்ட் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காகிதத்தில் வரைந்து பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

மாற்றங்களுக்குப் பின் அதே மேசைச் சோதனை: பம்ப் ஓடும்போது தடித்த நெகட்டிவில் 30 மில்லிவோல்ட், கிளாம்ப் மீட்டர் இரண்டு ஒயரிலும் ஒரே 6 ஆம்பியர், 5 வோல்ட் சப்ளையில் பம்பின் தடயமே இல்லை. பறப்புப் பதிவில் பம்ப் தொடங்கும் இடத்தில் கரண்ட் 1.6 ஆம்பியர் ஏறுகிறது, வோல்ட்டேஜ் கண்ணுக்குத் தெரியாத அளவே இறங்குகிறது. ட்ரோன் தொட்டி காலியாகும்வரை தெளித்துவிட்டுத் திரும்புகிறது.

பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தோம்: பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, பகிர்வு போர்டு நெகட்டிவுக்கும் பம்ப் டிரைவர் நெகட்டிவுக்கும் இடையே அளக்கவும், 60 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், ட்ரோன் நன்றாகப் பறந்தாலும், ஒயர் ஜோடியை மாற்றவும். ஆறு கைகளின் நெகட்டிவ்களுக்கும் இதே முறை பொருந்தும். அங்கே ஒற்றை எல்லை வைப்பதைவிட, தொட்டியில் தண்ணீர் நிரப்பி இயந்திரத்தைத் தரையோடு கட்டிப்போட்டு, குறைந்த விசையில் ஆறையும் ஒப்பிட்டு, மற்ற ஐந்திலிருந்து விலகி நிற்கும் கையைப் பிரித்துப் பார்ப்பது நம்பகமானது. சுழலும் புரொப்பெல்லர் அருகே கையைக் கொண்டுபோகாமல் இருக்க, மீட்டரின் ஒயர்களை முன்கூட்டியே கிளிப்பில் மாட்டி, விலகி நின்று படிக்க வேண்டும்.